பழவேற்காட்டுப் பெண்ணுக்கு எந்த ரைஃபிள்?

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு மேல் அண்ணன் மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கறுப்பு ரைஃபிள். அதன் மேல் முழங்கை நீளத்துக்கு ஒரு ஸ்கோப். முன்னால் ஊன்றிக்கொள்ள இரண்டு கால். பின்னாலேயே அவள் குரல்: "சித்தப்பா, இது ஆயிரம் மீட்டர் அடிக்குமாம். சீட்டு எடுத்துத் தரேன்னு நைனா சொல்லிட்டாரு. வாங்கலாமா வேணாமா, சீக்கிரம் சொல்லு."

அவளுக்குப் பதினேழு வயது, பிளஸ் டூ படிக்கிறாள். என்.சி.சி. முகாமில் .22 ரைஃபிளைக் கையில் கொடுத்து ஐந்து ரவுண்டு சுடச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து ஓட்டையையும் ஒரு டீ கிளாஸின் வாயால் மூடிவிடலாம் போல இருந்ததாம். அன்றிலிருந்து பிள்ளைக்கு வேறு நினைப்பில்லை. நானும் அப்படித்தான் இதற்குள் வந்தேன். பொன்னேரியில் படிக்கும்போது என்.சி.சி., அப்புறம் சென்னையில் ஒரு கிளப், இன்றைக்கு ஐம்பது மீட்டரில் படுத்துச் சுடுகிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அவளுக்குப் போனில் இரண்டு வரியில் பதில் சொல்ல மனசு வரவில்லை. அண்ணன் சீட்டுப் பணம் என்றால் அது எத்தனை நாள் ராத்திரி ஏரியில் நின்ற பணம் என்று எனக்குத் தெரியும். அதனால் நிதானமாக இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருக்கும் மற்ற பிள்ளைகளும் அவர்களுடைய அப்பா அம்மாவும் படிக்கட்டும்.

முதலில் அந்தப் படம். அது வேண்டாம். அந்த மாதிரி ரைஃபிளுக்கு நம் நாட்டில் லைசென்ஸ் வேண்டும், அதிலும் பல காலிபர்கள் சாதாரண ஜனங்களுக்குத் தடை செய்யப்பட்டவை. ராணுவம் புழங்கிய .303, இப்போது புழங்கும் 7.62 எல்லாம் அந்தப் பட்டியலில்தான் வரும். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம், 2016-ல் வந்த ஆயுத விதிகள் இரண்டையும் தாண்டி ஒரு தோட்டாகூட வாங்க முடியாது. லைசென்ஸ் இருப்பவரும் எத்தனை துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்பதை 2019 திருத்தம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டது. விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் தனி ஏற்பாடு இருக்கிறது. இதையெல்லாம் பயமுறுத்தச் சொல்லவில்லை. இந்த விளையாட்டின் வாசற்படியே சட்டம்தான், அதை மிதித்துத்தான் உள்ளே வர வேண்டும்.

ஸ்கோப்புக்கும் ஒரு வார்த்தை. ஒலிம்பிக்கில் நடக்கும் ரைஃபிள் போட்டி எதிலும் ஸ்கோப் கிடையாது. கண்ணுக்குப் பக்கத்தில் ஊசித் துளை மாதிரி ஒரு ஓட்டை, பேரல் முனையில் ஒரு வளையம். அந்த வளையத்துக்குள் கறுப்புப் புள்ளியை உட்கார வைக்க வேண்டும், அவ்வளவுதான். இதைக் கேட்டால் பிள்ளைகள் முகம் வாடிவிடும். ஆனால் அந்த இரண்டு ஓட்டைக்கு நடுவில் எத்தனை விஷயம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு ஸ்கோப் பக்கம் திரும்ப மாட்டார்கள்.

ஆயிரம் மீட்டர் ஆசை தப்பில்லை. அதற்கென்று பெரிய மரபு இருக்கிறது. இங்கிலாந்தில் 1859-ல் தேசிய ரைஃபிள் சங்கம் தொடங்கினார்கள். அடுத்த வருஷம் விம்பிள்டன் மைதானத்தில் முதல் குண்டைச் சுட்டது விக்டோரியா மகாராணி. விட்வர்த் ரைஃபிளை ஒரு தாங்கியில் பூட்டி வைத்து, டிரிகரில் பட்டுக் கயிறு கட்டி, அதை அவர் கையில் கொடுத்தார்கள். 400 கெஜம் தள்ளி, குறியின் நடுவை ஒட்டியே பட்டது. 1890-ல் அந்தப் போட்டிகள் பிஸ்லிக்கு இடம் மாறின, இன்றைக்கும் அங்கே 1000 கெஜத்தில் சுடுகிறார்கள். நம் நாட்டில் 300 மீட்டரே பெரும்பாலும் ராணுவத்தார் கையில்தான் இருக்கிறது. அவ்வளவு நீளத்துக்குப் பாதுகாப்பான ரேஞ்ச் வேண்டுமே. ஆகவே நமக்கு வழி இதுதான்: முதலில் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள், பிறகு ஐம்பது மீட்டர் .22, அதற்கப்புறம் தகுதியும் வாய்ப்பும் இருந்தால் 300. பத்து மீட்டரா என்று யாராவது இளப்பமாகக் கேட்டால், அந்தக் குறியின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் என்று சொல்லுங்கள். பேனா முனையால் வைத்த புள்ளி. சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டனில் வெண்கலம் வாங்கியது அந்தப் பத்து மீட்டரில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் போனதும் அதே பத்து மீட்டருக்குத்தான்.

ஏர் ரைஃபிளில் இன்னொரு நிம்மதி: .177 காலிபருக்குள்ளும் 20 ஜூலுக்குள்ளும் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. போட்டி ரைஃபிள் எட்டு ஜூல் அளவில்தான் சுடும்.

சரி, எதை வாங்குவது? ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷுட்ஸ் என்று ஜெர்மன் பெயர்கள் காதில் விழும். மூன்றுமே நல்லவை. புதிதாக வாங்கினால் இரண்டு லட்சத்துக்கு மேல் போகும். இந்தியாவிலேயே செய்கிற கிளப் ரைஃபிள்களும் வருகின்றன, ஆரம்பிக்கிறவர்களுக்குத் தாராளமாகப் போதும். இந்த மூன்று ஜெர்மன் ரைஃபிளுக்கு நடுவில் எது உசத்தி என்று மணிக்கணக்கில் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சில் எனக்கு நம்பிக்கையில்லை. ஸ்டாண்டில் கட்டிவைத்துச் சுட்டால் எல்லாம் ஒரே ஓட்டையில்தான் போடும். தப்பு நம் உடம்புக்கும் ரைஃபிளுக்கும் நடுவில் நடக்கிறது.

அதனால் நான் பார்ப்பது ஒன்றுதான்: பின்கட்டையின் நீளம், கன்னம் வைக்கும் பலகையின் உயரம், தோளில் பதியும் பட் பிளேட், இந்த மூன்றையும் எவ்வளவு தூரம் நகர்த்தி வைக்க முடியும்? கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளுக்குக் கொண்டுபோங்கள். கன்னத்தைச் சாய்த்து, கண்ணைத் திறங்கள். கழுத்தை நீட்டாமல், தலையைத் தூக்காமல் ஓட்டைக்கு நேராகக் கண் இருந்தால் அது உங்கள் ரைஃபிள். இல்லையென்றால் எத்தனை லட்சம் கொடுத்தாலும் அது அடுத்தவர் ரைஃபிள். எடையும் அப்படித்தான். விதி 5.5 கிலோ வரை விடுகிறது என்பதற்காக ஒல்லியான பெண்ணின் கையில் அவ்வளவையும் ஏற்றினால் இருபதாவது ஷாட்டிலேயே இடுப்பு பேச ஆரம்பிக்கும். முழுப் போட்டிக்கு அறுபது ஷாட்.

பழசு வாங்குகிறவர்கள் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது மறக்க வேண்டாம். ஏர் ரைஃபிளின் கீழே நீளமாக ஒரு சிலிண்டர் இருக்கும், அதில் 200 பார் அழுத்தத்தில் காற்று நிற்கும். அந்தச் சிலிண்டருக்கு ஆயுள் உண்டு, பெரும்பாலும் பத்து வருஷம். தேதி அதன் மேலேயே பொறித்திருக்கும். என் முதல் ரைஃபிளை வாங்கும்போது பேரலைப் பார்த்தேன், டிரிகரைப் பார்த்தேன், மரத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். சிலிண்டரைத் திருப்பிப் பார்க்கவில்லை. விற்றவரும் சொல்லவில்லை. முதல் போட்டியில் உபகரணச் சோதனை மேசையில் இருந்தவர் சிலிண்டரைத் திருப்பினார், தேதியைப் படித்தார், என்னை நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு நான் சுடவில்லை. புது சிலிண்டர் வரும்வரை இரண்டு மாதம் சும்மா இருந்தேன். அம்மா நகையை வைத்து வாங்கிய ரைஃபிள் அது.

பெல்லட் பற்றிச் சுருக்கமாக: தட்டை மூக்கு, அரை கிராமுக்குச் சற்று மேல் எடை. 4.49, 4.50 என்று டப்பாவில் போட்டிருக்கும் அளவுகளில் எது உங்கள் பேரலுக்குப் பிடிக்கிறது என்று சுட்டுத்தான் பார்க்க வேண்டும். கீழே விழுந்த பெல்லட்டை எடுத்துப் போடாதீர்கள், அதன் பாவாடை நசுங்கியிருக்கும். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அது ஈயம்.

இனி .22 தோட்டா. இங்கே நான் கொஞ்சம் நின்று பேசப் போகிறேன், ஏனென்றால் காசு கரைவதும் போட்டி தோற்பதும் இங்கேதான். .22 தோட்டாவின் அடிவிளிம்புக்குள் தீப்பற்றும் மருந்து சுற்றி வைத்திருக்கும், ஊசி அந்த விளிம்பை அடிக்கும். பெரிய ரைஃபிள்காரர்கள் காலித் தோட்டாவில் தாங்களே மருந்து அளந்து போட்டுக்கொள்கிறார்கள். நமக்கு அந்த வழி கிடையாது. தொழிற்சாலை எப்படிச் செய்ததோ அப்படியே சுட வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே விலை, ஆனால் லாட் நம்பர் மாறினால் குணம் மாறும். ஈலி டெனெக்ஸ் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், லாட் நம்பரோடு அந்த லாட்டின் வேகத்தையும் அச்சடித்திருப்பார்கள். ஒரு பேரலுக்குத் தேனாக இருக்கும் லாட் பக்கத்து லேன்காரரின் பேரலில் சிதறும். ஏன் என்று யாராலும் முழுசாகச் சொல்ல முடியாது. சுட்டுப் பார்ப்பது ஒன்றே வழி.

நான் செய்வது இப்படி. நாலு லாட்டில் லாட்டுக்கு ஒரு பெட்டி வாங்குவேன். காற்றில்லாத விடியற்காலை, ரைஃபிளைத் தாங்கியில் வைத்து, ஒவ்வொரு லாட்டிலும் முதலில் பத்துப் பதினைந்து ரவுண்டைக் கணக்கில் சேர்க்காமல் சுடுவேன். ஒவ்வொரு கம்பெனி குண்டின் மேலும் ஒருவித மெழுகு பூசியிருக்கும், பழைய மெழுகு போய்ப் புது மெழுகு பேரலில் படிய வேண்டும். அதன் பிறகு பத்துப் பத்தாகக் குரூப். தாளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது நாலு தாளும் நாலு கதை சொல்லும். ஒன்றில் பத்தும் ஒரே கிழிசலாக இருக்கும், ஒன்றில் எட்டு சேர்ந்து இரண்டு மட்டும் மேலே தப்பியிருக்கும். அந்த இரண்டுதான் போட்டியில் நம்மைக் கவிழ்ப்பது. பிடித்த லாட் கிடைத்தால் அன்றைக்கே அதே லாட்டில் வருஷத்துக்கு வேண்டியதைக் கேட்டு வைத்துவிடுவேன். பயிற்சிக்கு நம் கட்கி தொழிற்சாலைத் தோட்டா போதும். ஒரு பெட்டிப் போட்டித் தோட்டாவின் விலையில் நாலு நாள் பயிற்சி ஓடும்.

இன்னொன்று. வேகமான தோட்டா காற்றை வெட்டிக்கொண்டு போகும் என்று நினைத்து ஹை வெலாசிட்டி பெட்டி வாங்கி வருகிறார்கள். .22-ல் இது தலைகீழ். ஒலியின் வேகத்தைத் தாண்டிக் கிளம்பும் குண்டு சீக்கிரம் வேகம் இழக்கும், காற்றும் அதை அதிகமாகத் தள்ளும். ஒலிக்குக் கொஞ்சம் கீழே, வினாடிக்கு 330 மீட்டருக்குள் போவதுதான் நேராகப் போகும்.

வெடிமருந்துக்கும் நம் ஊருக்கும் நானூறு வருஷ உறவு என்று அண்ணன் மகளுக்குத் தெரியுமா? டச்சுக்காரர்கள் 1613-ல் பழவேற்காட்டில் கட்டிய கெல்ட்ரியா கோட்டையை ஒட்டி வெடிமருந்து ஆலை நடத்தினார்கள். இங்கே அரைத்த மருந்து படேவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலில் போனது. வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்தது அந்தக் காலத்துக் கருமருந்து. அளவு பிசகினாலோ ஈரம் ஏறினாலோ பீரங்கிக் குண்டு நினைத்த இடத்துக்குப் போகாது. லாட் நம்பர் இல்லாத காலத்திலும் பிரச்சினை அதேதான், நேற்று அரைத்ததும் இன்று அரைத்ததும் ஒரே மாதிரி எரிய வேண்டும். சின்ன வயசில் டச்சுக் கல்லறைக்குள் ஓடிப்பிடித்து விளையாடியிருக்கிறோம். வாசலில் செதுக்கிய எலும்புக்கூட்டைப் பார்த்துப் பயந்திருக்கிறோம். அங்கே கிடப்பவர்களில் மருந்து அரைத்த கணக்கை எழுதியவர்களும் இருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. இன்றைக்குத் துப்பாக்கி மருந்துக்குத் தமிழ்நாட்டில் அருவங்காடு. கடலோரத்து ஈரத்திலிருந்து மலைக்கு ஏறிவிட்டது தொழில்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். ரைஃபிள் வாங்கலாம், லாட் தேடிப் பிடிக்கலாம், காற்றை வாங்க முடியாது. ஐம்பது மீட்டரில் பத்து வளையத்தின் அகலம் 10.4 மில்லிமீட்டர். மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே அடிக்கும் காற்று .22 குண்டை ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குத் தள்ளிவிடும். நம் ஊரில் பத்து கிலோமீட்டர் காற்றை யாரும் காற்று என்றே சொல்ல மாட்டார்கள், வேர்வை ஆறும் அவ்வளவுதான். அந்தச் சின்னக் காற்றே பத்தை ஒன்பதாக்கிவிடும். ஆயிரம் கெஜத்தில் பெரிய ரைஃபிளிலும் இதே காற்று குண்டை ஒரு மீட்டருக்கு மேல் தள்ளும். அதிலும் ஒரு நுட்பம்: பேரலுக்குள் குண்டு வலப்பக்கம் சுழன்று வெளியே வருவதால், வலமிருந்து அடிக்கும் காற்று அதை இடது பக்கம் தள்ளுவதோடு கொஞ்சம் மேலேயும் ஏற்றும். இடமிருந்து அடித்தால் வலது பக்கம் போய்க் கொஞ்சம் இறங்கும்.

ரேஞ்சில் பத்தாவது மீட்டரிலும் முப்பதாவது மீட்டரிலும் கொடி நட்டிருப்பார்கள். மூன்று விரல் அகலத்தில் நீளத் துணி. நகரத்துப் பிள்ளைகள் அந்தக் கொடியைப் பார்த்துக் காற்றைக் கற்றுக்கொள்ள ஒரு வருஷம் ஆகிறது. எனக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குக் காரணம் அண்ணன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவரோடு படகில் போனேன். ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது. தூரத்தில் பூநாரைக் கூட்டம் வெள்ளைக் கோடாக நின்றது. அண்ணன் கோலை ஊன்றிக்கொண்டு, "அங்க பாரு, தண்ணி கறுக்குது" என்றார். வடக்கே ஒரு இடம் மட்டும் நிறம் மாறி, சிலிர்த்து, எங்களைப் பார்த்து நகர்ந்து வந்தது. "எண்ணு" என்றார். பதினொன்று எண்ணும்போது என் கழுத்துத் துண்டு படபடத்தது. "வாடை. ரெண்டு மூச்சு விட்டு இன்னொண்ணு வரும், அது இதவிட இளசா இருக்கும்." அப்படியே வந்தது.

படுத்துச் சுடுகிறவன் செய்ய வேண்டியது இதேதான், கூடுதலாக ஒன்றுமில்லை. காற்று வரும் பக்கத்து லேனின் கொடியைப் பார். அது ஆடினால் உன்னிடம் வர எத்தனை எண்ணிக்கை என்று தெரிந்துகொள். இளசான காற்றா, முரட்டுக் காற்றா, எது அடிக்கடி திரும்பி வருகிறது? அடிக்கடி வருவதை உன் காற்றாக வைத்துக்கொண்டு அதற்கு சைட்டைத் திருப்பு. அது இல்லாத நேரத்தில் விரலை எடுத்துவிட்டுக் காத்திரு. ஐம்பது நிமிஷத்தில் அறுபது ஷாட் என்பதால் பதற்றம் வரும். வலை போட்டுவிட்டுக் காத்திருக்கத் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பதற்றம் குறைவாகத்தான் வரும்.

கானலும் நமக்குப் பழக்கம். நடுப்பகலில் ஸ்ரீஹரிகோட்டா பக்கம் பார்த்தால் சவுக்குத் தோப்பு தரையை விட்டு எழும்பி மிதக்கும். அந்த அலை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள், காற்று அந்தப் பக்கம் போகிறது. நேரே மேலே கொதித்தால் காற்று நின்றிருக்கிறது, இல்லை முன்பின்னாக அடிக்கிறது. ஸ்பாட்டிங் ஸ்கோப்பைக் குறிக்குக் கொஞ்சம் முன்னால் ஃபோகஸ் செய்தால் ரேஞ்சிலும் இதே கானல் ஓடும். அந்தத் தீவில் ராக்கெட் விடுகிறவர்களும் முதலில் பலூன் விட்டு மேல்காற்றைக் கேட்ட பிறகுதான் கிளப்புகிறார்கள்.

எந்த நேரத்துப் பிரிவில், எந்த லேனில் சுடுவோம் என்பது நம் கையில் இல்லை. இதில் எங்கள் ஊர்ப் பிள்ளைக்குச் சொல்லிப் புரியவைக்க ஒன்றுமேயில்லை, பாடு தெரிந்தவர்கள். ஏரியில் மீன் அதிகம் விழும் இடத்தில் ஒருவரே தினமும் வலை கட்ட முடியாது, சீட்டுப் போட்டு முறை வைத்துத்தான் இறங்க வேண்டும். அன்றைக்கு விழுந்த பாட்டில் என்ன கிடைக்கிறதோ அதை எடுக்க வேண்டும். விடியற்காலைப் பிரிவு கிடைத்தால் கரைக்காற்று மெல்ல இருக்கும். மத்தியானம் கிடைத்தால் கடல்காற்று புரட்டும். புரட்டுகிற பாட்டில்தான் காற்று தெரிந்தவர் மேலே வருகிறார்.

ஊரில் ரைஃபிள் வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: உப்பு. பெட்டியின் பஞ்சு ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் ஒரே ஒரு மாதம் பெட்டிக்குள்ளேயே விட்டேன், பட் பிளேட்டின் திருகுகள் எல்லாம் செம்பழுப்பாகிவிட்டன. ரேஞ்சிலிருந்து வந்ததும் வெளியே எடுத்து, எண்ணெய்த் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட அலமாரியில் பூட்டுங்கள். பொட்டலத்தை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். தோட்டாவை வெயிலில் விடாதீர்கள், மெழுகு இளகும், வேகம் மாறும்.

ஏரிக்கரையில் மட்டும் ஒரு பெல்லட்கூட வேண்டாம். அது பறவைகள் சரணாலயம். சட்டத்தை விடுங்கள், பூநாரை ஒரு சத்தத்துக்கு மொத்தமாக எழும்பிப் போவதைப் பார்த்தவர்களுக்கு மறுபடி அந்தச் சத்தம் போட மனசு வராது. வீட்டில் பயிற்சி செய்ய வெறும் டிரிகர் போதும். சுவரில் ஒரு புள்ளி, குண்டில்லாத ரைஃபிள், தினமும் அரை மணி நேரம். நான் கற்றுக்கொண்டதில் பாதி அப்படிக் கற்றதுதான்.

ஆக, அண்ணனுக்கு என் கணக்கு இது. சீட்டை இப்போது எடுக்க வேண்டாம். முதல் ஆறு மாதம் கிளப் ரைஃபிளில் சுடட்டும், பஸ் செலவு நான் தருகிறேன். முதலில் வாங்க வேண்டியது ஜாக்கெட். கேன்வாஸில், அவள் அளவுக்குத் தைத்தது. அவள் இன்னும் வளர்கிறாள் என்பதால் ஓரத்தில் பிரித்துவிடத் துணி விட்டுத் தைக்கச் சொல்ல வேண்டும். அடுத்து கிளவ். அதற்கும் பிறகு, மார்கழி வாக்கில், ஒரு பழைய ஏர் ரைஃபிள். சிலிண்டர் தேதியை நானே பார்க்கிறேன். .22 பேச்சை இரண்டு வருஷம் கழித்து எடுப்போம்.

இதை எழுதி முடிக்கும்போது அவளிடமிருந்து இன்னொரு படம் வந்திருக்கிறது. ரைஃபிள் இல்லை. நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம். நான் விளையாட்டாகக் கேட்டு வைத்ததை அவள் செய்துவிட்டாள்: படகுத்துறையில் நின்று மூன்று நாள் காற்றைக் குறித்திருக்கிறாள். காலை ஆறு, கரைக்காத்து, கொடி பாதி. பதினொன்று, காத்து செத்துப்போச்சு. ரெண்டு மணி, கொண்டல், கொடி நேரா நிக்குது. அதற்குக் கீழே, வேறு மையில்: நைனா சொன்னது, நாலு மணிக்குத் திரும்பும். திரும்பிச்சு, நாலு பத்துக்கு.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வரச் சொல்லியிருக்கிறேன். அளவெடுக்க வேண்டும்.